அடுப்பில்லாத ஊர்

சேதுமாதவனுக்கு ஒயின் விஷயத்தில் மூக்கு நீளம், ரச விஷயத்தில் நாக்கு நீளம். மூக்கு நீண்டது சமீபத்தில்தான். லெபனான்காரர் ஒருவர் மேனேஜராக வந்து, வியாழக்கிழமை சாயங்காலங்களில் இவரையும் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு. நாக்கு பிறவியிலேயே நீளம். கிளப்பில் கோப்பையைச் சாய்த்து, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, "மரப்பீப்பாய் வாசனை தூக்கலா இருக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொல்வார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே, "ரசம் சூடா இருக்கா?" என்பார். கிளப்பில் வாசனை பிடிப்பதற்கு ஆள் தேவையில்லை. வீட்டில் ரசம் சூடாக இருப்பதற்கு ஆள் தேவை. அந்த ஆள் நீலா.

நீலா கரூரில் பிறந்தவள். திருச்சியில் பி.காம். முடித்த கையோடு கல்யாணம், கல்யாணமான மறுமாதம் தோஹா. விமான நிலையத்திலிருந்து நேரே நஜ்மா பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்தபோது ஹாலில் சேதுமாதவனின் பேச்சிலர் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "மாமி கைச் சாப்பாட்டுக்காகக் காத்துண்டிருக்கோம்" என்றான் ஒருத்தன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை மாமி என்று கூப்பிட்டதற்கே அவனை அடுப்பில் வைத்திருக்கலாம். அவள் புடவையைக்கூட மாற்றாமல் குக்கரை வைத்தாள். அன்று வைத்த குக்கர் இன்னும் இறங்கவில்லை. பிள்ளை ரிஷியும் பெண் தன்யாவும் வளர்ந்து, சென்னையில் ஆளுக்கொரு காலேஜில் சேர்ந்து, வீட்டில் இப்போது இரண்டே பேர்தான். ஆனாலும் சேதுமாதவன் ஒருவருக்காகச் சாம்பார், ரசம், ஒரு கறி, ஒரு கூட்டு, சுட்ட அப்பளம் என்று இரண்டு வேளையும் நடந்துகொண்டிருந்தது. ஒன்று குறைந்தாலும் தட்டைப் பார்த்து, "என்ன, இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்பார். உடம்பைப் பற்றிய விசாரணை இல்லை அது. கூட்டைப் பற்றியது.

ஊருக்குள் வேறு அவளுக்குப் பெரிய பெயர். தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பொங்கல் கொண்டாடினால் சர்க்கரைப் பொங்கல் நீலா மாமி பொறுப்பு. ஒரு வருஷம் மேடையில் ஏற்றி, 'கைமணச் செல்வி' என்று எழுதிய கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதை அவள் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கரப்பான் மருந்து தெளிக்கும்போது மட்டும் வெளியே எடுப்பாள்.

2007 ஏப்ரலில் சேதுமாதவனுக்குப் பிரான்ஸ் போகும் வாய்ப்பு வந்தது. கம்பெனி வாங்கும் எலக்ட்ரிகல் பேனல்களைத் திஜோனில் இருக்கும் தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் வேலை. "அத்தனை தூரம் போய்விட்டுப் பர்கண்டி திராட்சைத் தோட்டங்களைப் பார்க்காமல் வந்தால் உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கூடவே நாலு நாள் லீவும் கொடுத்தார். நீலாவையும் அழைத்துப் போவதென்று சேதுமாதவன் முடிவு செய்தார். அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவம், விஷயம் தெரியாது.

ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கையலம்பி வந்து, ஆபீசில் பிரிண்ட் எடுத்த காகிதங்களை மேஜைமேல் பரப்பினார். "நாலு நாளும் ஊர் ஊரா பெட்டியைத் தூக்கிண்டு அலைய முடியாது. ஒரு வில்லேஜை பேஸா வெச்சுண்டு சுத்தணும். மேனேஜர் ரெண்டு வில்லேஜ் சொல்லியிருக்கார்."

ஒன்று பொமார். அங்கே ஒரு முழு வீடு வாடகைக்குக் கிடைக்கும். கல் சுவர், பின்பக்கம் திராட்சைத் தோட்டம், நாலு பர்னர் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம் பண்டம் எல்லாம் உண்டு. மற்றது சவின்யி. அங்கே வயதான ஓர் அம்மாள் தன் வீட்டு மாடியில் ஓர் அறை விடுகிறாள். காலையில் ரொட்டியும் காபியும் கொடுப்பாள். முன்கூட்டியே சொன்னால் ராத்திரிச் சாப்பாடும் அவளே சமைத்துப் போடுவாள். தங்குகிறவர்களுக்குச் சமையலறை கிடையாது.

சமையலறை கிடையாது. நீலாவின் கண் அந்த இடத்தில் போய் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை.

"பொமார்தான். டிசைட் பண்ணியாச்சு" என்றார் சேதுமாதவன்.

"யாரு டிசைட் பண்ணா?"

"நான்தான். வேற யாரு?"

"எனக்கு இந்தச் சவின்யிதான் வேணும்."

"அங்க கிச்சன் இல்லைடி. படிச்சியோ இல்லையோ?"

"படிச்சேன். அதான் சொல்றேன்."

அந்த மரமண்டைக்கு அது ஏறச் சற்று நேரம் ஆனது. ஏறியதும் முகம் சிவந்தது. "விளையாடறியா? நாலு நாளைக்கு நான் என்ன சாப்பிடறது?"

"அந்த மாமி சமைச்சுப் போடறதை."

"வெள்ளைக்காரி சமையலையா? கீரையில கூடப் பன்னிக் கொழுப்பு போடுவா அவா."

"நீங்க குடிக்கற ஒயினை எந்த மடத்துலேர்ந்து வரவழைக்கறா?"

சேதுமாதவன் காகிதத்தை மேஜைமேல் அறைந்து, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசித்தார். "பேரைப் பாரு. சாவிக்னியாம். சொல்லும்போதே வாயில சாவு வரது."

"உங்களுக்கு வடிச்சுக் கொட்டிண்டே சாகறது மட்டும் மங்களமா?"

பேச்சு அன்றோடு நின்றது. பேச்சு நின்றால் பாத்திரம் பேச ஆரம்பிக்கும். மறுநாள் சாம்பார்க் கரண்டி அவர் தட்டில் விழுந்த சத்தத்துக்கு எதிர் ஃப்ளாட் பத்ருன்னிசாவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

நீலா கேட்டது பெரிய காரியம் இல்லை. நாலு நாள். நாலு நாளைக்கு அடுப்பு முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது இந்த இருபத்திரண்டு வருஷத்தில் கிடைத்ததில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். 'நீங்கள்தான் வருஷா வருஷம் எங்காவது போகிறீர்களே' என்பார்கள். போனார்கள். கொடைக்கானலுக்குப் போனார்கள், சமையலறையோடு காட்டேஜ் எடுத்து. சிங்கப்பூருக்குப் போனார்கள், சர்வீஸ் அப்பார்ட்மென்ட் எடுத்து. ஓமானில் இருக்கும் சலாலாவுக்குக் காரிலேயே போனார்கள். மலை முழுக்க மூடுபனி இறங்கியிருக்கிறது என்று அப்பாவும் பிள்ளைகளும் ஓடினார்கள். இவள் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தாள். விசில் வந்து இவள் வெளியே வருவதற்குள் பனி கலைந்துவிட்டது. பெட்டி கட்டும்போது மற்றவர்கள் உடுப்பை அடுக்குவார்கள். இவள் ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிய உறைமோர்க் கிண்ணம் என்று அடுக்குவாள். எந்த ஊருக்குப் போனாலும் அவள் பார்த்துவிட்டு வந்தது அந்த ஊர் அடுப்பைத்தான்.

பத்ருன்னிசா கீழக்கரைக்காரி. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள். விஷயம் முழுவதும் கேட்டுவிட்டு, "நீலாக்கா, நானா இருந்தா நாலு நாளும் பச்சத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டாவது அந்த அடுப்பில்லாத ஊருக்குத்தான் போவேன். விட்டுராதீங்க" என்றாள்.

விடுவதாக நீலாவுக்கும் உத்தேசம் இல்லை. ரிஷி விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சவின்யி அம்மாளுக்கு ஒரு மெயில் எழுதினாள். பிரெஞ்சில். காலேஜில் தமிழ் எடுத்தால் மார்க் வராது என்று அப்பா அவளைப் பிரெஞ்சு எடுக்க வைத்திருந்தார். திருச்சியில் அவளோடு பிரெஞ்சு படித்த அத்தனை பேரும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினார்கள், ஒருத்திக்கும் பிரெஞ்சு தெரியாது. இருந்தாலும் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தப்பும் தவறுமாக, நாங்கள் இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டோம், ராத்திரி உணவு கிடைக்குமா என்று கேட்டாள்.

அந்த அம்மாள், மதாம் ஒடெட், மறுநாளே பதில் போட்டிருந்தாள். குழந்தைக்கு எழுதுவது போலச் சின்னச் சின்ன வாக்கியங்கள். 'இறைச்சி வேண்டாமென்றால் பரவாயில்லை. தோட்டத்தில் காய் இருக்கிறது. நான் சூப் வைக்கிறேன். நீங்கள் உட்கார்ந்தால் போதும். நீலா, உங்களுக்கு என்ன பிடிக்கும்?'

நீலா அகராதியை மூடி வைத்தாள். என்ன பிடிக்கும்? சேதுமாதவனுக்கு எலுமிச்சை ரசம், ரிஷிக்கு உருளைக்கிழங்கு ரோஸ்ட், தன்யாவுக்கு மோர்க்குழம்பு, மாமனார் இருந்தவரை அவருக்குச் சேனை மசியல். எல்லோருடைய நாக்கும் அவளுக்கு மனப்பாடம். தன் நாக்கைத் தேடினால் காணோம். மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டே பழகியவளுக்குப் பிடித்தது என்று தனியாக என்ன இருக்கும்? அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. முன்பின் பார்த்திராத ஒரு கிழவி கேட்கிற கேள்வியைத் தாலி கட்டிய மனுஷன் ஒருநாள் கேட்டதுண்டா என்று பற்றிக்கொண்டு வந்தது. வெகுநேரம் யோசித்து, 'உருளைக்கிழங்கு' என்று எழுதினாள். எழுதிய பிறகு, அது ரிஷிக்குப் பிடித்தது அல்லவா என்ற சந்தேகம் வேறு.

இங்கே இவள் மெயில் எழுதிக்கொண்டிருக்க, அங்கே சேதுமாதவன் ஆபீசிலிருந்து பொமார் வீட்டைப் பதிவே செய்துவிட்டார். வந்து சொல்லும்போது முகத்தில் ஊர்ப்பட்ட வெற்றி. "முடிஞ்சது. கலாஸ். இனிமே பேச்சே கிடையாது."

ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பதிவு செய்ததோடு நில்லாமல், முன்ஜாக்கிரதையாக வீட்டுக்காரருக்கு ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தார். 'பக்கத்தில் நல்ல சைவ ஹோட்டல் ஏதாவது இருக்கிறதா? ஒரு அவசரத்துக்குத் தேவைப்படலாம்.' வீட்டுக்காரர் ரோஷக்காரர் போலிருக்கிறது. உங்களுக்கு ஹோட்டல்தான் வேண்டுமென்றால் என் வீடு உங்களுக்கு எதற்கு, பெல்ஜியத்திலிருந்து ஒரு குடும்பம் கேட்டது, அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன், உங்கள் பயணம் இனிதாகட்டும் என்று எழுதிவிட்டார்.

சேதுமாதவன் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தார். "பைத்தியக்காரனா இருப்பான் போலிருக்கே. சாப்பிட ஹோட்டல் இருக்கான்னுதானே கேட்டேன்?"

நீலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். "ஹோட்டல்னா நமக்குத்தான் திங்கற இடம். அவாளுக்குப் படுத்துக்கற இடம். உங்க வீட்ல படுக்க மாட்டேன், வேற இடம் காட்டுன்னு கேட்டிருக்கேள். சண்டைக்கு வராம விட்டானே."

"சிரிக்காதே. பல்லைக் காட்டாதே."

அவள் காட்டினாள். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கும்போது எப்படிக் காட்டாமல் இருப்பது? அடுத்த நாள் முழுக்கப் பாத்திரங்கள்கூடச் சத்தமில்லாமல் நடமாடின. மதாம் ஒடெட்டுக்கு, அநேகமாக வருகிறோம் என்று எழுதினாள். கிழவி பதிலுக்கு மாடி ஜன்னலின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஓடை, ஓடைக்கு அப்பால் திராட்சை வரிசை. நீலா அந்தப் படத்தில் ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேதுமாதவன் தோற்றுப் போகிற ஜாதி இல்லை. மேனேஜரிடம் போய் மூக்கால் அழுதிருக்கிறார். லெபனான்காரருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அவர் பொமாருக்குப் போன் போட்டு, இந்தியர்கள் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடையைச் சொல்வார்கள் என்று விளக்கி, சிரிக்க வைத்து, பெல்ஜியக் குடும்பத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார். வீடு திரும்பவும் சேதுமாதவன் கைக்கு வந்தது.

நீலா அசையவில்லை. "நீங்க பொமார்ல இருங்கோ. நான் சவின்யில இருக்கேன். பக்கத்துப் பக்கத்து ஊர்தானே? பகல்ல சேர்ந்து சுத்தலாம்."

"புருஷன் ஒரு ஊர்லயும் பொண்டாட்டி ஒரு ஊர்லயுமா? பாக்கறவா என்ன நினைப்பா?"

"திராட்சைத் தோட்டத்துல உங்களை யாருக்குத் தெரியும்?"

அப்போதுதான் அவர் அதை வெளியே எடுத்தார். எடுக்கக் கூடாத ஆயுதம். அவர் விசாவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. நீலாவின் விசாவுக்கு எம்பசியில் ஸ்பான்சரின் என்.ஓ.சி. கடிதம் கேட்டார்கள். இந்த ஊரில் கம்பெனி வேலைக்காரனுக்குக் கம்பெனி கஃபீல், அதாவது ஸ்பான்சர். அந்த வேலைக்காரனின் பெண்டாட்டிக்கு அவனே கஃபீல். கஃபீல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நீலாவின் ரெசிடென்ஸ் பர்மிட்டில் ஸ்பான்சர் என்ற இடத்தில் சேதுமாதவன் பெயர்தான் இருந்தது. கம்பெனி என்கிற கஃபீலைப் பற்றி வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்த மனிதருக்கு, தானும் ஒரு கஃபீல் என்பது அந்த வாரம்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, டைப் செய்த காகிதத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். மேலே பேனாவை மூடி கழற்றாமல் வைத்தார்.

"பொமார்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். சவின்யின்னா என்.ஓ.சி. மாஃபி, கிடையாது. நீயே யோசிச்சுக்கோ."

நீலா காகிதத்தை எடுத்துப் படித்தாள். என் மனைவி பிரான்ஸ் செல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆட்சேபணை இல்லை! அந்த மனிதர் வாயிலிருந்து வாழ்நாளில் வராத சொல். அவள் ஸ்கூலில் வேலைக்குப் போகிறேன் என்றபோது ஆட்சேபணை. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றபோது ஆட்சேபணை. ரசத்தில் மிளகு கூடினால் ஆட்சேபணை, குறைந்தால் ஆட்சேபணை. இப்போது முதல் தடவையாக இல்லை என்கிறார், அதற்கும் விலை நாலு பர்னர்.

அவளுக்கு அந்தக் காகிதத்தை அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. பொமாரில் அந்தக் கல் வீட்டில் தான் நின்றுகொண்டு குக்கரின் விசிலுக்குக் காத்திருப்பதையும், ஜன்னலுக்கு வெளியே இவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டு நிற்பதையும் நினைத்துப் பார்த்தாள்.

காகிதத்தை நாலாக மடித்து அவர் முன்னால் வைத்தாள். "நீங்க போயிட்டு வாங்கோ."

"என்ன?"

"நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ. எனக்கு அப்ஜெக்‌ஷன் இல்லை."

சேதுமாதவன் கேட்டார்: "நீ வரலைன்னா அங்க எனக்கு யார் சமைப்பா?"

அதுதான் அவருக்குத் தோன்றிய முதல் கேள்வி. ஏன் வரவில்லை என்று இல்லை. தனியாக எப்படி இருப்பாய் என்று இல்லை. இதற்கு மேல் அந்த மனிதரிடம் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று நீலாவுக்குத் தெளிவாகிவிட்டது. தெளிந்ததும் மனசு ஆறியது.

அவள் விளையாடுகிறாள் என்றுதான் அவர் கடைசி வரை நினைத்தார். பெட்டி கட்டும் நாளில் ரைஸ் குக்கர் எங்கே என்று கேட்டார். "எங்க இருக்குமோ அங்க இருக்கும்" என்று பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாலு கதவைத் திறந்து, நாலையும் அடித்துச் சாத்தி, குக்கர் இல்லாமலே பெட்டியை மூடினார். "ஆறு நாளும் இந்த ஆத்துல தனியாக் கிட. அப்பத் தெரியும்" என்று வாசலில் நின்று சாபம் கொடுத்துவிட்டுப் போனார். கிளம்புகிற நேரத்தில் அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னார்.

மதாம் ஒடெட்டுக்கு வரவில்லை என்று எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. காரணத்தை எழுதப் பிரெஞ்சு போதவில்லை. கணவருக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று ஒரு பொய்யை எழுதினாள். 'உங்கள் நாற்காலி இங்கேதான் இருக்கும்' என்று கிழவி எழுதினாள். அதைப் படித்துவிட்டு நீலா பத்ருன்னிசா வீட்டுக்குப் போய், யாரோ செத்துப் போன மாதிரி அழுதாள். பத்ருன்னிசா தேற்றவில்லை. "அந்த மனுஷன் உருப்படுவாரா?" என்று திட்டினாள். அப்போதைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை எழுந்ததும் கால் தானாகச் சமையலறைக்குப் போனது. கை தானாக அடுப்புக் குமிழைத் தொட்டது. தொட்ட கையை இழுத்துக்கொண்டாள். வெளியே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டுச் சமையலறைக்குக் கதவு இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

குளித்து, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கட்டடத்துக்குக் கீழேயே ஈசாவின் சாப்பாட்டுக் கடை. தினமும் அந்த வழியாகப் போய் வருகிறாளே தவிர உள்ளே நுழைந்ததில்லை. ஈசா கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"வாங்க மாமி. என்ன வேணும்? பார்சலா?"

"பார்சல் இல்லை. உக்காந்து சாப்பிடப் போறேன்."

அவர் பெண்கள் உட்காரும் தடுப்புக்குள் ஒரு மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். தோசை வந்தது. ஓரத்தில் கருகி, நடுவில் வேகாமல். சாம்பாரில் உப்புத் தூக்கல், புளி மட்டு, பெருங்காயம் போட்டதாக வதந்திகூட இல்லை. நீலா ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டாள். "என்ன ஈசா பாய், சாம்பாரா இது? உப்பை யாராவது கொட்டிட்டாளா?" என்று சத்தமாகக் கேட்டாள். ஈசா உள்ளே திரும்பி யாரையோ இந்தியில் திட்டினார். நீலாவுக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஆனது. உட்கார்ந்த இடத்துக்கு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அதைக் குறை சொல்வதில் இத்தனை சுகம் இருக்கிறதா? இத்தனை வருஷமாக ஒருத்தர் மட்டும் இதைத் தனியாக அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறாரே! இன்னொரு தோசை கொண்டுவரச் சொன்னாள். அதையும் குறை சொன்னாள்.

சேதுமாதவன் திஜோனில் வேலையை முடித்துவிட்டுப் பொமாருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் போன் வந்தது. குரல் ஈனஸ்வரத்தில் இருந்தது.

"நீலா, ரசத்துக்கு முதல்ல புளியா, தக்காளியா?"

"எங்கேர்ந்து பேசறேள்?"

"கிச்சன்லேர்ந்துதான். இந்த அடுப்புல நெருப்பே தெரிய மாட்டேங்கறது, வெறும் கண்ணாடி. சாதம் அடி பிடிச்சுடுத்து. தக்காளி இருக்கு. சட்டுனு சொல்லு."

"ஹோட்டல்ல போய்ச் சாப்பிடுங்கோளேன்."

"ஊர்ல இருக்கறதே ஒண்ணுதான். இன்னிக்கு மூடிட்டான். சொல்லுடி, எது முதல்ல?"

"தெரியாது."

"தெரியாதா? இத்தனை வருஷமா வெச்சியேடி!"

"நான் வெச்சேன். நீங்க பாத்தேளா?"

மறுமுனையில் ஏதோ பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அவர் சொன்னதை எழுத முடியாது. நீலா போனை வைத்தாள். பத்ருன்னிசா சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு அத்தனையையும் கேட்டிருந்தாள். "பாவமா இல்லியா அக்கா?" என்றாள். நீலா யோசித்துப் பார்த்தாள். இல்லை. கொஞ்சமாவது இருக்கும் என்று அவளே எதிர்பார்த்தாள். துளிகூட இல்லை. ஒயின் நாடு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டுப் போனவர் ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை மட்டும் கவனித்தாள்.

அவர் திரும்பி வந்தது ஒரு சாயங்காலம். கன்னம் ஒட்டியிருந்தது. ஆசை ஆசையாக வாங்கி வந்த ஒயின் பாட்டில்களைத் தோஹா ஏர்போர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதில் ஏற்கெனவே சூடாகியிருந்தார். டாக்ஸிக்காரரிடம் சண்டை போட்டுவிட்டுப் படி ஏறி வந்தார். இத்தனை நாள் தனியாகக் கிடந்ததில் இவளுக்குப் புத்தி வந்திருக்கும், அழுது வீங்கிய முகத்தோடு கதவைத் திறப்பாள், வாழைக்காய் வறுவலோடு இலையே போட்டிருப்பாள் என்றெல்லாம் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

நீலா கதவைத் திறந்துவிட்டுப் போய், விட்ட இடத்திலிருந்து பேப்பரைப் படிக்க ஆரம்பித்தாள். முகம் வீங்கியிருக்கவில்லை. கொஞ்சம் பூசினாற்போலக்கூட இருந்தது.

சேதுமாதவன் ஷூவைக் கழற்றினார். மூக்கை உறிஞ்சினார். அந்த நீண்ட மூக்குக்கு ஒரு வாசனையும் தட்டுப்படவில்லை. சாத்தியிருந்த சமையலறைக் கதவைத் திறந்து பார்த்தார். அடுப்பு ஈரமில்லாமல், பொட்டுக் கறையில்லாமல், கடையில் வைத்திருக்கும் புது அடுப்பு மாதிரி இருந்தது. மேடையில் ஒரு பாத்திரம் இல்லை. திரும்பி ஹாலுக்கு வந்து, நடுவில் நின்றார்.

"எனக்குப் பசிக்கறது" என்றார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

நீலா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் அவள் ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை. அவர் சைட்டிலிருந்து எத்தனை தாமதமாக வந்தாலும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"நான் சாப்பிட்டாச்சு" என்றாள்.